‘ஒன்றுமில்லை’ என்னும் விடை

சென்ற தவணை முடிவில் எங்கள் பாடசாலையிற் பெற்றார் கூட்டம் நிகழ்ந்தது. கூட்டம் கலைந்த பின் ஒரு தந்தையார் என்னிடம் வந்தார். அவர் என் பழைய மாணாக்கர். இரணைமடுக் குளத்தின் கீழே வயல் செய்பவர். மகனும் உடன் வந்திருந்தான். வயது பதினைந்து; பத்தாந் தரத்திற் படிப்பவன்.

“ஐயா, இவன் வீட்டிலை ஒரு கதையுமில்லை. என்ன கேட்டாலும் ‘ஒண்டுமில்லை’ எண்ட ஒரே மறுமொழிதான். நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ” என்றார்.

நான் பையனைப் பார்த்து, “என்ன தம்பி, என்ன பிரச்சினை?” என்றேன்.

“ஒண்டுமில்லை, ஐயா” என்றான்.

தந்தையார் வழக்கில் வென்றவர்போல என்னைப் பார்த்தார். நான் தோற்றவன்போல நின்றேன்.

இலக்கணம் படித்தவனிடத்து ஒரு குறை உண்டு. ஒருவர் வருந்திச் சொல்லும் சொல்லையும் அவன் முதலில் இலக்கணத்தில் வைத்தே பார்ப்பான். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே ஆராய்ச்சியாயிற்று. ‘ஒன்றுமில்லை’ என்பது எவ்வகை விடை?

விடை எட்டு என்பர் நன்னூலார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவிற்கு நேரே இறுக்கும் விடைகள்; செவ்வன் இறை எனப்படுவன. ஏனைய ஐந்தும் அத்தகையன அல்ல. ‘இது செய்வாயோ?’ என்று ஒருவன் வினாவ, மற்றவன் ‘உடம்பு நொந்தது’ என்கின்றான். செய்வேன் என்றும் சொல்லவில்லை, செய்யேன் என்றும் சொல்லவில்லை. தனக்கு உற்றதொன்றைச் சொல்லி விடுகின்றான். அதனுள்ளே விடை இருக்கின்றது. கேட்பவன் அதனை எடுத்துக்கொள்ளல் வேண்டும். இவ்வாறு விடையைப் பயந்து நிற்பதனால் இவை இறை பயப்பன. தொல்காப்பியரும் கிளவியாக்கத்தில் இதற்கு இடங்கொடுத்தார். செப்பு நேரே அமையாது வழுவினும், கேட்ட பொருளோடு பொருந்தி நிற்குமாயின் அது விலக்கப்படுவதில்லை என்பது அவர் கருத்து. இலக்கண நூலார் கடியவர் என்று மாணாக்கர் அஞ்சுவர். இந்த இடத்தில் அவர்கள் நம் வீட்டுத் தந்தையரினும் இரக்கமுடையவர்கள்.

‘ஒன்றுமில்லை’ என்பது வடிவால் மறை. ஆயினும் அதனை இறை பயப்பனவற்றோடு சேர்த்து எண்ணுதலே தகும் என்பது என் துணிபு. உள்ளே ஒன்றுமில்லாத பிள்ளை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதில்லை. அப்பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

விடையை ஆராய்ந்த நான் பின்னர் வினாவுக்கு வந்தேன். அங்கேதான் தலை குனிய நேர்ந்தது. வினா ஆறு: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். நம் வீடுகளிற் பதின்ம வயதுப் பிள்ளையிடத்து நாம் கேட்கும் வினாக்கள் எவை? ‘படிச்சு முடிச்சிட்டியோ?’ என்பது ஏவல் வினா. ‘போய்ப் படி’ என்பதே அதன் பொருள். ‘ரியூசன் முடிய எங்கை நிண்டனி?’ என்பது அறிவினா. எங்கே நின்றான் என்பதை அயலார் முன்னமே சொல்லிவிட்டனர். ‘கணக்குக்கு எத்தினை புள்ளி?’ என்பது, சற்றே நகையாகச் சொன்னால், கொளல் வினா. வணிகனிடத்திலே ‘பயறு உண்டோ?’ என்று கேட்பது போன்றது. ஆறனுள் அறியா வினா ஒன்றையே நாம் கேட்பதில்லை. அதாவது, உன் உள்ளத்தில் இருப்பது இன்னதென்று எனக்குத் தெரியாது, நீ சொன்னால் அறிந்துகொள்வேன் என்னும் நிலையில் நின்று கேட்பது. அது மாணாக்கன் ஆசிரியனைக் கேட்கும் வினா. பெற்ற பிள்ளையின் முன் மாணாக்கனாய் நிற்க நமக்கு மனம் வருவதில்லை. அதனாற்போலும், அவர்களும் வாய் திறப்பதில்லை.

இஃது எங்கும் உள்ளதுதானே என்பார் உளர். உண்மை, யாழ்ப்பாணத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு, தொரன்ரோவிலும் உண்டு. ஆயினும் வன்னியில் இதற்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கின்றது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்புகுந்தேன்.

இன்று பதினைந்து, பதினாறு வயதினராய் என் வகுப்பில் இருப்போர் 2009 மே மாதத்தின் பின் பிறந்தவர்கள். அவர்கள் செல் ஒலி கேட்டவர்களல்லர். அவர்களுடைய பெற்றோர் கேட்டவர்கள். கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் ஊராய்ப் பெயர்ந்து, பின் செட்டிகுளம் மனிக்பாம் முகாமின் கூடாரங்களில் இருந்து மீண்டவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் உளநிலை பற்றிய தம் ஆய்வொன்றை 2010இல் வெளியிட்டார். தனியொருவரின் உள்ளம் மாத்திரமன்றிக் குடும்பமும் ஊரும் ஒருங்கே புண்படுவதைக் கூட்டு மனவடு என்னும் கருத்தால் விளக்கினார். புண் குடும்பத்துக்கு என்றால், பின் பிறந்த பிள்ளையும் அக்குடும்பத்தில் ஒருவர் அன்றோ?

நம்மிடையே ஓர் அளவுகோல் உண்டாகிவிட்டது. பிள்ளை ஒரு துன்பத்தைச் சொல்லத் தொடங்கினால் உடனே அதனை எடுத்து நீட்டுகின்றோம். ‘நாங்கள் பட்டதுக்கு முன்னாலை இது ஒரு துன்பமோ?’ முள்ளிவாய்க்காலோடு வைத்து அளந்தால் உலகத்தில் எந்தத் துன்பந்தான் நீளமானது? தோழி பேசாமல் விட்டாள் என்பதும், முகத்திற் பரு என்பதும், கணக்குப் புரியவில்லை என்பதும் அதன்முன் தூசியாய்ப் போம். பிள்ளைக்கும் அது தெரியும். ஆதலின் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி எழுந்து போகின்றது. அச்சொல்லுக்கு ‘உங்கள் அளவுகோலால் ஒன்றுமில்லை’ என்பது பொருள்.

பிறரைக் குற்றஞ் சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் அந்த அளவுகோலை எடுத்தவன்.

என் இளைய மகள் நாங்கள் மீளக் குடியேறிய 2010ஆம் ஆண்டிற் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்க, ஓரிரவு மின்சாரம் நின்றுபோயிற்று. விறாந்தையில் இருந்தோம். “அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு” என்றாள். நான் உடனே, “நாங்கள் பங்கருக்குப் பக்கத்திலை, மரத்துக்குக் கீழை வைச்சுப் படிப்பிச்சனாங்கள். அந்தப் பிள்ளையள் பயப்பிடேல்லை. உனக்கு லைற் இருக்கு, மேசை இருக்கு, என்ன பயம்?” என்றேன். ஊக்கமளித்துவிட்டதாகவே எண்ணினேன். சற்றுப் பொறுத்து, “என்ன பயமெண்டு சொல்லன்” என்றும் கேட்டேன். “ஒண்டுமில்லை” என்றாள். மின்சாரம் வந்தது. அவள் உள்ளே போனாள். அதன் பின் நெடுநாள் அவள் என்னிடத்துச் சோறு, புத்தகம், பஸ் காசு என்பவற்றுக்கு அப்பால் ஒன்றும் பேசியதில்லை. அந்தப் பிள்ளைகள் பயப்படவில்லை என்று நான் சொன்னதும் பொய். அவர்கள் நடுங்கினார்கள். நான் நடுங்கியதை அவர்கள் பார்த்துமிருந்தார்கள்.

என்னைத் திருத்தியது ஒரு மாணவி கேட்ட கேள்வி. மணிமேகலையில் மலர்வனம் புக்க காதை பற்றி உயர்தர வகுப்பிற் சொல்லிக்கொண்டிருந்தேன். கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததை மாதவி தன் தோழி வயந்தமாலைக்குச் சொல்லுகின்றாள். மணிமேகலை அங்கே பூத்தொடுத்துக்கொண்டிருக்கின்றாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் காதில் விழுகின்றது. கண்ணீர் பெருகித் தொடுக்கும் மாலையில் வீழ்கின்றது. தாய் மகளின் கண்ணைத் துடைத்து, மாலை தூய்மை இழந்தது, நீயே போய் வேறு மலர் கொண்டு வா என்கின்றாள். அவளை மலர்வனத்துக்குப் போக்குதற்குப் புலவர் அமைத்த உத்தி இது என்று நான் இருபது ஆண்டுகளாகப் படிப்பித்து வந்தேன். அன்றும் அவ்வாறே சொன்னேன்.

பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். “ஐயா, அது மணிமேகலையின்ரை அப்பாவின்ரை கதையெல்லோ? மாதவி ஏன் அதை மகளுக்கு நேரை சொல்லேல்லை? தோழிக்குத்தானே சொல்லுறா?” என்றாள்.

உத்தி என்று மறுபடியும் சொன்னேன். அவள் இருந்துவிட்டாள். நான் அந்த விடையோடு இருக்க முடியவில்லை.

மாத்தளன் கதை என் வீட்டிற் சொல்லப்படாத நாளில்லை. என் மனைவிக்கு நான் சொல்வேன். எனக்கு அவள் சொல்வாள். கனடாவிலிருந்து வந்த மைத்துனருக்கு இரவிரவாகச் சொன்னோம். என் மகளுக்குச் சொன்னோமா? இல்லை. அவள் குசினிக்குள் நின்று கேட்டாள். கேட்டு என்ன செய்தாள், எதனை எங்கே வைத்துக்கொண்டாள் என்று நாங்கள் வினாவியதில்லை. முகம் வாடியிருந்தால், ‘போய்ப் படி’ என்றோம். மாதவியாவது கண்ணைத் துடைத்தாள்.

இன்னொரு வகைப் பிள்ளைகளும் உளர். தந்தை என்ன ஆனார் என்று இன்றுவரை அறியாத குடும்பங்களின் பிள்ளைகள். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன்னே 2017 பெப்ரவரி 20ஆம் நாள் போராட்டத்தைத் தொடங்கியபோது, தாய்மாரின் மடியிலும் அருகிலும் இருந்த சிறுவர் இன்று உயர்தர வகுப்புகளை எட்டிவிட்டனர். அவர்களுள் ஒருவனோடு ஒருமுறை பேச நேர்ந்தது. தந்தையைப் பற்றி வீட்டில் ஏன் ஒன்றுமே கேட்பதில்லை என்று அவன் தாய் என்னிடம் வருந்தியிருந்தார். “கேட்டால் அம்மா அழுவா, ஐயா” என்றான். அவ்வளவுதான். அவனுடைய மௌனம் பிடிவாதமன்று. அம்மாவைக் காத்துநிற்கும் வேலி. நாம் பிள்ளைகளைக் காக்கின்றோம் என்று எண்ணியிருக்க, அவர்கள் நம்மைக் காத்துக்கொண்டிருக்கின்றார்கள்.

தமிழிற் கேட்டல் என்னும் சொல் வினாவுதலையும் குறிக்கும்; செவிமடுத்தலையும் குறிக்கும். ‘நான் கேட்டுப் பார்த்திட்டன், அவன் சொல்லுறானில்லை’ என்னும் பெற்றார் முதற்பொருளிலேயே நின்றுவிடுகின்றனர். திருக்குறளில் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மழலைச் சொல்லைக் கேட்டு இன்புறுதல் அங்கே இருக்கின்றது. மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்டுத் தாய் மகிழ்தலும் இருக்கின்றது. முன்னது மூன்று வயதுப் பிள்ளை. பின்னது வளர்ந்து பேரெடுத்த பிள்ளை. அதுவும் ஊரார் வாயிலாகக் கேட்பது. இடையில் ஒரு பதினைந்து வயது கிடக்கின்றதே! அப்போது மழலையுமில்லை, புகழுமில்லை. குரல் உடைந்து கரகரக்கின்றது. அந்தக் குரலை யார் கேட்பது? வள்ளுவர் குறை வைத்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தை நாம் வாழும் முறையிற் குறை இருக்கின்றது. மழலைக்கு மயங்கிப் புகழுக்குக் காத்திருக்கின்றோம். நடுவிலுள்ள ஆண்டுகளை ரியூசன் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

‘பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தலையில் ஏறிவிடுவார்கள்’ என்று என்னொத்த ஆசிரியர் சிலர் சொல்கின்றனர். கேட்பது வேறு, இசைவது வேறு. நீதிமன்றத்தில் இருதரப்பையும் கேட்கும் நீதிபதி இருவருக்கும் இசைகின்றாரா? இக்காலத்தில் ஊருக்குள் புகுந்துவிட்ட போதைப்பொருளுக்கு அஞ்சிப் பிள்ளையின் புத்தகப் பையைச் சோதிக்கும் தந்தையர் பலர். சோதிக்கட்டும். அச்சம் நியாயமானது. ஆனால் பைக்குள் தேடுவது பைக்குள் இருப்பதைத்தான் காட்டும்.

போலந்து நாட்டிலே யானுஷ் கோர்ச்சாக் என்றொரு மருத்துவர் இருந்தார். 1912 முதல் வார்சோ நகரில் யூத அநாதைப் பிள்ளைகளின் இல்லமொன்றை நடத்தினார். அங்கே பிள்ளைகளின் நீதிமன்றம் ஒன்று இருந்தது. பிள்ளைகளே நடுவர், ஆசிரியர்மீதும் வழக்கிடலாம், கோர்ச்சாக்மீதும் வழக்கிடலாம். 1926இல் பிள்ளைகளே எழுதும் பத்திரிகையொன்றையும் ஒரு நாளிதழின் இணைப்பாகத் தொடங்கினார். பிள்ளை இனிமேல் மனிதனாகப் போகின்றவனல்லன், இன்றே மனிதன் என்பது அவர் கொள்கை. 1942 ஆகஸ்டில் நாசிகள் அவ்வில்லத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ இருநூறு பேரைத் திரெபிளிங்காக் கொலைமுகாமுக்குக் கொண்டு சென்றபோது அவர்களைப் பிரியாது உடன் சென்று இறந்தார். அவருடைய நாடாகிய போலந்தே 1978இல் பிள்ளைகளின் உரிமைக்கு ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று முன்மொழிந்தது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை அதனை ஏற்றது. 1991இல் இலங்கையும் ஏற்றது. தன்னைப் பற்றிய கருமங்களிற் பிள்ளை தன் கருத்தைச் சொல்லவும், அதற்கு மதிப்பளிக்கப்படவும் உரிமை உண்டு என்று அதன் பன்னிரண்டாம் உறுப்புரை கூறுகின்றது. செல் விழுந்த நிலத்தில் இருந்துகொண்டு கோர்ச்சாக்கைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். பெருந்துன்பத்தின் நடுவிலே நின்ற அம்மனிதர், பிள்ளைகளின் சிறுவழக்குகளை அளவுகோல் கொண்டு அளக்கவில்லை. ஒருவன் பென்சிலை ஒருவன் எடுத்ததும் அவருக்கு வழக்குத்தான்.

பொறுமையாகக் கேளுங்கள் என்று எழுதுவது எளிது. இருள் பிரியுமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, விளக்கு வைத்தபின் இறங்கும் தாய்க்கு எங்கே பொழுது? தனியாளாய் நின்று, கிழமைக்குக் கிழமை கடன் கட்டும் தாய்மார் இங்கே எத்தனையோ பேர். அவர்களுக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. நான் அறிந்த ஒரு தாய் சோறு போட்டுக் கொடுத்தபின் எழுந்து போகாமல் மகளருகில் நிலத்தில் இருப்பார், அவ்வளவே. களைப்பிலே சில நாள் சுவரிற் சாய்ந்து உறங்கியும் விடுவார். “அம்மா நித்திரையெண்டாலும் பக்கத்திலை இருப்பா” என்று அந்தப் பிள்ளை என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லி விடுகின்றேன். மாணவி கேட்ட கேள்விக்குப் பின், மகளை விடியற்காலை வகுப்புக்கு மோட்டார் சைக்கிளில் நானே ஏற்றிச் செல்லத் தொடங்கினேன். முதற் கிழமைகளில் ஒரு பேச்சுமில்லை. நானும் கேட்கவில்லை, ஏவல் வினா நாவின் நுனிவரை வரும், விழுங்கிக்கொள்வேன். முகத்துக்கு முகம் பாராத பயணம் பதின்ம வயதினர்க்கு வசதி போலும். ஒரு மார்கழி விடியலில், பனி மூடிய வீதியில், பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்பா, நான் ஒன்பது ஏ எடுக்காட்டி, நீங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டு உயிரோடை வந்தது வீணெல்லோ?”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இதற்கு விடை சொல்லப் பத்து வாக்கியங்கள் எனக்குள் வரிசையாக வந்து நின்றன. பண்டிதனுக்கு வாக்கியத்துக்கா பஞ்சம்? ஒன்றையும் சொல்லவில்லை. “எத்தினை நாளா இப்பிடி நினைக்கிறாய், பிள்ளை?” என்றுமட்டும் கேட்டேன். என் வாழ்நாளில் அவளிடத்து நான் கேட்ட முதல் அறியா வினா அதுவாயிருக்கலாம். அவள் நெடுநேரம் பேசினாள். குசினிக்குள் நின்று கேட்டவை எல்லாம், தவறாகக் கேட்டவையும், பாதியாய்க் கேட்டுத் தானே நிரப்பிக்கொண்டவையும் வந்தன. அன்று வகுப்புக்குப் பிந்திவிட்டோம்.

பெற்றார் கூட்டத்துக்கு வந்த அந்தத் தந்தையாருக்கு நான் இவை யாவற்றையும் சொல்லவில்லை. அளவுகோலைச் சற்றுக் கீழே வையும் என்றுமட்டும் அன்றைக்கு இரண்டு நாள் கழித்து வயற்கரையிற் கண்டபோது சொன்னேன். சென்ற வாரம் சந்தையில் மறுபடியும் கண்டேன்.

“இன்னும் பெரிசாக் கதைக்கிறானில்லை, ஐயா” என்றார். “நேற்று வேலி அடைக்கேக்கை வந்து கதியால் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். ஏதோ சொல்ல வெளிக்கிட்டவன், பிறகு விட்டிட்டான்.”

“நீர் என்ன செய்தீர்?”

“நான் ஒண்டும் கேக்கேல்லை. அடுத்த கதியாலை எடுத்து அவனிட்டைக் குடுத்தனான்.”